பேஸ்மேக்கர் வைத்த பிறகு உடல் சொல்வது

பேஸ்மேக்கர் அனுப்பும் மின்சாரத்தை மனிதரால் உணர முடியாது. ஒரு துடிப்புக்கு அது செலவிடும் ஆற்றல் ஐந்து மைக்ரோஜூல் அளவுதான்: இரண்டரை வோல்ட், அதுவும் ஒரு நொடியில் 2500-ல் ஒரு பங்கு நேரத்துக்கு. உயிருக்கு ஆபத்தான தாளக் கோளாற்றை நிறுத்த மார்பில் பொருத்தப்படும் டிஃபிப்ரிலேட்டர் கொடுக்கும் அடி 30 ஜூல் அளவுக்குப் போகும். பேஸ்மேக்கரின் துடிப்பு அதில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கருவி வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களைக் கேட்டால் கதை வேறு. நெஞ்சு தொம் தொம்மென்று இடிக்கிறது, கழுத்தில் ஏதோ துள்ளுகிறது, படுத்தால் காதுக்குள் நாடி கேட்கிறது, விலாவுக்குக் கீழே யாரோ சுண்டுகிறார்கள், சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஓடுகிறது. மின்சாரம் தெரியாது என்றால், தெரிவது எது?

இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. ஒன்று நோயாளியுடையது: மெஷினில் ஏதோ கோளாறு. மற்றது செக்கப்புக்குப் போன இடத்தில் கிடைப்பது: மெஷின் நன்றாக இருக்கிறது, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், போகப்போகப் பழகிவிடும். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று அளக்க நம் உடல் உணர்வு லாயக்கற்றது. ஏதோ ஒன்று எந்த நேரத்தில், எந்த நிலையில், எந்த வேலையின்போது நடக்கிறது என்று சொல்வதில் அதே உணர்வு நம்பகமான சாட்சி. ஆகவே ஒருவர் சொல்லும் உணர்வு நிஜமா பிரமையா என்று விசாரிப்பதில் பெரிய பயன் இல்லை. எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். தானாக அடங்கிப்போகும் உணர்வையும், கருவியைத் திருத்தினால்தான் அடங்கும் உணர்வையும் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் பிரித்துக் காட்டுகிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் நோயற்ற இதயத்தை எடுத்துக்கொள்வோம். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு முறையும் மார்புச் சுவரை உள்ளிருந்து தட்டுகிறது, பெருந்தமனியை விரிக்கிறது, கழுத்திலுள்ள அழுத்த உணர்விகளைத் தூண்டுகிறது. செய்தி மூளைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. இருந்தும் நமக்குத் தெரிவதில்லை. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்பது மூளையின் கணக்கில் முன்பே இருக்கிறது, கணக்குப்படி வந்ததை அது நம் கவனத்துக்குக் கொண்டுவருவதில்லை. 2016-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ரோய் சாலமனும் அவரது குழுவினரும் இதை நேர்த்தியான ஒரு சோதனையில் காட்டினார்கள். திரையில் மின்னும் உருவத்தை ஒருவரின் சொந்த இதயத் துடிப்போடு ஒத்திசைத்துக் காட்டினால், அது அவர் கவனத்தை எட்ட அதிக நேரம் பிடிக்கிறது. ஒத்திசையாமல் காட்டினால் சீக்கிரம் எட்டுகிறது. இதயத்தோடு சேர்ந்து வருகிற வெளிச் செய்தியைக்கூட மூளை அமுக்கிவைக்கிறது. இன்சுலா என்ற மூளைப் பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு. ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் இரைச்சலில் நன்றாகத் தூங்கி, மில் நின்றதும் விழித்துக்கொள்வது இப்படித்தான்.

பேஸ்மேக்கர் தேவைப்படுகிறவரின் இதயமோ பல மாதங்களாக, சில சமயம் ஆண்டுகளாக, மந்தமாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். நிமிடத்துக்கு 35, 40 என்ற வேகத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் நிறைய நேரம் கிடைப்பதால் இதயத்தின் கீழறை கூடுதலாக நிரம்பி, ஒவ்வொரு முறையும் கூடுதல் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடல் தன் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழி அது. மூளையும் அந்தத் தாளத்துக்கே கணக்கு வைத்திருக்கும். பிறகு ஒரே பிற்பகலில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும் சிகிச்சையில், வேகம் 60-க்கோ 70-க்கோ ஏறுகிறது. எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை, சுருங்கும் முறையும் மாறுகிறது. இயல்பான இதயத்தில் மின் அலை ஹிஸ் கற்றை என்ற தனிப்பாதை வழியாக இறங்கி இரண்டு கீழறைகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டும். வலது கீழறையின் அடி நுனியில் லீட் என்ற மின்கம்பியைப் பொருத்தி அங்கிருந்து தொடங்கிவைத்தால், அலை தசை வழியே மெல்லப் பரவி இடப்பக்கத்தைப் பிந்தித்தான் தொடும். மூளையின் பழைய கணக்கு எல்லா வகையிலும் தப்பாகிறது. இத்தனை நாள் அமுக்கிவைக்கப்பட்ட செய்தி மேலே வருகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயத்தின் நுனி மார்புச் சுவரை நெருங்கும். இரவில் வேறு சத்தமும் இல்லை. முதல் சில வாரங்களின் அந்த இடி இப்படி வருவதுதான்.

பழகுதல் என்பது மனத்தளவில் மட்டும் நடப்பது என்று நினைப்பவர்களுக்கு இதயமே ஒரு பதில் வைத்திருக்கிறது. கீழறையைச் சில நாட்கள் கருவியால் இயக்கிவிட்டுப் பிறகு நிறுத்தினால், இதயம் தன் சொந்தப் பாதையில் துடிக்கத் தொடங்கிய பின்னும் இ.சி.ஜி.யில் டி அலை தலைகீழாகவே நிற்கும். பழைய வடிவத்துக்குத் திரும்ப நாட்களோ வாரங்களோ ஆகும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த மௌரிசியோ ரோசன்பாமின் குழு 1982-ல் இதை விளக்கி ‘இதய நினைவு’ என்று பெயரிட்டது. இதயச் செல்களின் அயனிக் கால்வாய்கள் புதிய தாளத்துக்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டுவிடுகின்றன. (விஷயம் தெரியாத மருத்துவர் இந்த இ.சி.ஜி.யைப் பார்த்து மாரடைப்பு என்று பயந்துபோவதும் உண்டு.) காறை எலும்புக்குக் கீழே கருவி இருக்கும் இடத்தின் வலி, கன்றல், சட்டைப் பட்டையோ கார் சீட் பெல்ட்டோ உரசும் உறுத்தல் இவை வெறும் புண் ஆறும் சங்கதி. கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்ற அறிவுரையை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்து, தோள்மூட்டு இறுகிப்போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி மேலே போகலாம்.

இனி ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற கட்சியின் வாதத்தை அதன் முழு வலுவோடு பார்ப்போம். அந்தக் கட்சியிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியில் சபைன் விண்ட்மானும் சக ஆய்வாளர்களும் 1999-ல் வெளியிட்ட ஒரு சோதனை பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமே நடந்தது. கருவியின் வேகத்தை வெளியிலிருந்து குறைவாகவும் நடுத்தரமாகவும் அதிகமாகவும் மாற்றி வைத்தார்கள். ஒவ்வொரு வேகத்திலும், நாடி பிடிக்காமல், மனத்துக்குள் உணர்ந்தே துடிப்புகளை எண்ணச் சொன்னார்கள். நிஜ வேகம் இவ்வளவு மாறியும், எண்ணிச் சொன்ன தொகை பெரிதாக மாறவில்லை. மக்கள் எண்ணியது இதயத்தை அல்ல. தங்கள் இதயம் இந்த வேகத்தில்தான் துடிக்கும் என்று ஏற்கெனவே நம்பியிருந்ததை. இதயம் ஓடுகிறது என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து அது ஓடியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

எதிர்பார்ப்பின் சக்தியும் சிறியதல்ல. அடிக்கடி மயங்கி விழும் ஒரு வகையினருக்கு, நரம்பு வழி அனிச்சைச் செயலால் ரத்த அழுத்தமும் துடிப்பும் திடீரென்று விழுகிறவர்களுக்கு, பேஸ்மேக்கர் வைத்துப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான முதல் வட அமெரிக்க ஆய்வில் 54 பேர். கருவி வைத்தவர்களிடம் மயக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதில் பாதிப் பேருக்குக் கருவியே வைக்கவில்லை, அது அவர்களுக்கும் தெரியும். 2003-ல் இரண்டாவது ஆய்வு 100 பேரிடம் நடந்தது. இம்முறை எல்லோருக்கும் கருவி வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் அதை இயக்கிவிட்டு, யாருக்கு எது என்று சொல்லாமல் விட்டார்கள். முதல் ஆய்வின் பிரமாண்டப் பலன் காணாமல் போனது. இரு தரப்புக்கும் இருந்த வித்தியாசம் புள்ளியியலில் தேறவில்லை. ஸ்டாக்ஹோமின் சிசிலியா லிண்டேயும் குழுவினரும் இதயத் தசை தடித்த நோயாளிகளிடம் இதே போன்ற ஒன்றைக் கண்டார்கள்: கருவி வைக்கப்பட்டும் இயக்கப்படாமல் இருந்தவர்களும் மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, படபடப்பு எல்லாம் குறைந்ததாகச் சொன்னார்கள். சும்மா இருக்கும் கருவி நோயைக் குறைத்ததாகத் தோன்ற முடியுமானால், ஒழுங்காக ஓடும் கருவி நோயைத் தந்ததாகத் தோன்றவும் முடியும். இதை மறுக்க வழியில்லை.

ஆனால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 1958 அக்டோபர் 8 அன்று கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓக்கே சென்னிங் என்ற அறுவை நிபுணர், ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். உடலுக்குள் முழுதாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அது. சில மணி நேரமே ஓடியது. லார்சன் அதற்குப் பிறகு இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அந்தக் காலத்துக் கருவிகளுக்கு ஒரே வேலை: இதயம் நின்றுவிடாமல் கீழறையைத் தட்டிக்கொண்டே இருப்பது. உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலையில், நாடி சரியாக இருந்தும் கிறுகிறுப்பும் சோர்வும் கழுத்துத் துடிப்பும் இருப்பதாகச் சொன்னவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1969-ல் ஜப்பானைச் சேர்ந்த மிட்சுயி இவற்றை ஒரு தனி நோய்த்தொகுப்பாக எழுதினார். இன்று அதற்கு பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்று பெயர்.

அதன் இயக்கம் எளிது. இயல்பில் மேலறை முதலில் சுருங்கிக் கீழறையை நிரப்பும். ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ ரத்தம் அந்தக் கடைசி உந்துதலில்தான் கீழறைக்கு வந்து சேர்கிறது. ஒற்றை லீட் கீழறையை மட்டும் தன் கணக்கில் இயக்கும்போது மேலறை எப்போது சுருங்குகிறது என்று அதற்குத் தெரியாது. சிலருக்குக் கீழறையின் மின் அலை பின்னோக்கி ஏறி மேலறையையும் கிளப்பிவிடும். அப்போது மேலறை, கீழே வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சுருங்கும். உள்ளே போக வழியில்லாத ரத்தம் திரும்பிக் கழுத்துச் சிரைகளுக்கும் நுரையீரல் பக்கமும் போகும். கழுத்தில் ஏதோ துள்ளுகிறது என்று நோயாளி சொன்னாரே, அது சொல்லுக்குச் சொல் உண்மை. வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கழுத்தைப் பார்த்தால் மருத்துவரின் கண்ணுக்கே அந்த அலை தெரியும். மேலறை விரியும்போது எழும் அனிச்சைச் செயலால் ரத்த நாளங்கள் தளர்ந்து அழுத்தமும் இறங்குகிறது. கருவி துடிக்கத் தொடங்கும்போது ரத்த அழுத்தம் 20 புள்ளி விழுவதை நோயறிய உதவும் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நடந்தும், கருவியைச் சோதித்தால் பேட்டரி சரி, லீட் சரி, ஒவ்வொரு துடிப்பும் பிடிக்கிறது. குறை கருவியில் இல்லை, அது ஓடும் முறையில் இருந்தது.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்க்கப்போன இடத்தில்தான் எனக்கு மிகச் சுவையாகத் தோன்றும் சான்று கிடைக்கிறது. 1998-ல் வெளியான பேஸ் என்ற அமெரிக்க ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 407 பேருக்கு இரண்டு லீட் கொண்ட கருவியே வைத்தார்கள். பிறகு சீட்டுக் குலுக்கியது போல, பாதிப் பேருக்குக் கீழறை மட்டும் இயங்கும்படியும் பாதிப் பேருக்கு இரண்டும் இயங்கும்படியும் அமைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. கீழறை மட்டும் இயங்கியவர்களில் 26 சதவீதம் பேரை, அவர்கள் பட்ட அவதி காரணமாக, இரட்டை முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. இதற்குத் தேவைப்பட்டது மார்பின் மேல் ஒரு கருவித்தலையை வைத்துச் சில பொத்தான்களைத் தட்டுவதே. 2000-ல் வெளியான கனடா ஆய்விலோ 2568 பேர். அங்கே கீழறை அணிக்கு ஒற்றை லீட் கருவியையே வைத்துவிட்டார்கள். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி கத்தி எடுக்க வேண்டும். அங்கே மாற்றப்பட்டவர்கள் ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. கனடாக்காரர்களின் இதயம் அமெரிக்கர்களுடையதைவிட ஐந்து மடங்கு பொறுமையானது என்று நம்புவதற்கில்லை. திருத்துவது சுலபமாக இருந்தால் புகார் நோயாகிறது. கடினமாக இருந்தால் அதே புகார் பழகிவிடும் ஒன்றாகிவிடுகிறது.

சுலபமாக மாற்ற முடிந்ததால் தேவையில்லாமல் மாற்றிவிட்டார்கள் என்று இதையே திருப்பியும் சொல்லலாம், சொன்னவர்களும் உண்டு. ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். ஆகவேதான் 2002-ல் வெளிவந்த மோஸ்ட் என்ற பெரிய ஆய்வு முக்கியமாகிறது. 2010 பேர் கொண்ட அதில், எதை பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்று எண்ணுவது என்பதற்குக் கறாரான விதிகள் வகுத்திருந்தார்கள். அந்தச் சல்லடைக்குப் பிறகும் கீழறை மட்டும் இயக்கப்பட்ட 996 பேரில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இரட்டை முறைக்கு மாற்றிய பிறகு அவர்களின் வாழ்க்கைத் தரம் ஏறியது. நம் நாட்டில் செலவு கருதி ஒற்றை லீட் கருவி இன்னும் பரவலாக வைக்கப்படுகிறது. நிரந்தரமாக மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு அதுவே போதும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு பழுதானவருக்கு அதை வைத்துவிட்டு, அவர் கழுத்துத் துடிக்கிறது என்னும்போது மனசைத் தேற்றி அனுப்புவது சிகிச்சையில் சேராது.

விண்ட்மானின் சோதனையும் மோஸ்டின் முடிவும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றலாம். உண்மையில் இரண்டும் வேறு வேறு திறமைகளைச் சோதித்தன. எண்ணுவதில் நாம் மோசம். ஒன்று தவறான வேளையில் வந்தால் அதைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்; கணக்குப்படி வருவதை அமுக்கிவைக்கும் அமைப்பு, கணக்கில் வராததைத்தான் மேலே அனுப்பும். எனவே ஒருவர் சொல்லும் உணர்வில் எண்களைத் தள்ளிவிட்டுச் சூழ்நிலையை வைத்துக்கொண்டால் அது எவ்வளவு கூர்மையான தகவல் என்று சில உதாரணங்களில் பார்க்கலாம். பெரும்பாலான நவீன கருவிகளில் உடல் அசைவை உணரும் முடுக்கமானி உண்டு. ஆள் நடந்தால் அசைவைக் கண்டு வேகத்தைக் கூட்டும். ஆனால் அது அளப்பது அசைவை, உழைப்பை அல்ல. குண்டும் குழியுமான சாலையில் பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் இதயம் காரணமில்லாமல் ஓடத் தொடங்கும். மாடிப்படி ஏறும்போதைவிட இறங்கும்போது கால் தொம்மென்று விழுவதால், இறங்குகையில் வேகம் அதிகமாவதும் அறியப்பட்ட விசித்திரம். சைக்கிள் மிதிப்பவருக்கு நேர்மாறு: கால் உழைக்கிறது, மார்பு அசைவதில்லை, கருவி தூங்குகிறது, மூச்சு வாங்குகிறது. ‘சும்மா இருக்கும்போது படபடக்கிறது’ என்ற புகாரால் தொழில்நுட்பருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘பஸ்ஸில் வரும்போது படபடக்கிறது’ என்றால் உணர்வியின் கூர்மையை ஒரு படி குறைத்துவிடுவார், முடிந்தது.

மேலறையின் மின் அலை கீழறைக்குச் சரியாக இறங்காத ஹார்ட் பிளாக்குக்காகக் கருவி வைத்த இளைஞர்களிடம் வேறொன்று நடக்கும். மேலறை தன்போக்கில் வேகமெடுக்க, கருவி ஒவ்வொரு துடிப்பையும் கீழறைக்குக் கடத்தும். ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அமைப்பு சரியாக இல்லாவிட்டால், அந்த வரம்பைத் தாண்டிய கணத்தில் கருவி ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் கடத்தும். மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருப்பவரின் நாடி 130-லிருந்து நொடியில் 65-க்கு விழுகிறது. கால் துவண்டு கைப்பிடியைப் பிடித்து நிற்பார், நின்றதும் சரியாகிவிடும். ஓய்வில் எடுக்கும் எந்த இ.சி.ஜி.யிலும் இது தெரியாது. ‘மாடி ஏறும்போது, பாதியில், திடீரென்று’ என்ற மூன்று தகவல்கள்தான் துப்பு. விலாவுக்குக் கீழே சுண்டுவதும் இப்படித்தான். லீட் நுனியிலிருந்து கசியும் மின்சாரம் உதரவிதானத்தையோ அதன் நரம்பையோ தொட்டால் நாடியோடு சேர்ந்து விக்கல்போல் வெட்டும். ஒரு பக்கம் திரும்பிப் படுத்தால் வரும், மறுபக்கம் திரும்பினால் நிற்கும். வோல்ட்டேஜைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும்; புதிதாக வந்ததென்றால் லீட் நகர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சில கருவிகள் எவ்வளவு வோல்ட் போதும் என்று தாமே சோதித்துக்கொள்வதற்குத் தினமும் ஒரு நேரம் குறித்து வைத்திருக்கும், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின். தினமும் ஒரே நேரத்தில் அரை நிமிடம் நெஞ்சு குழம்பி விழிப்பு வருகிறது என்பவரைத் தூக்க மாத்திரைக்கு அனுப்பும் முன், கருவியின் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த ஆக்ஸிமீட்டர் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. கருவியில் குறைந்தபட்ச வேகம் 60 என்று வைத்திருக்க, விரலில் மாட்டினால் 42 காட்டுகிறது, குடும்பமே பதறிப்போகிறது. பேஸ்மேக்கர் இதயம் மந்தமாவதைத் தடுக்கும், முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்புகளைத் தடுக்காது. அப்படி முந்தி வரும் துடிப்பில் கீழறை சரியாக நிரம்பியிருக்காததால் தள்ளும் ரத்தம் கொஞ்சம், விரல்வரை எட்டாது. கருவி அதையும் ஒரு துடிப்பாக எண்ணும், ஆக்ஸிமீட்டர் எண்ணாது. இரவில் 50 காட்டினால், உறக்க நேரத்துக்கென்று குறைந்த வேகம் தனியாக அமைத்திருக்கலாம். இங்கே எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தால் பயம்தான் மிஞ்சும். தலைசுற்றல், மயக்கம் ஏதேனும் கூடவே வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இப்படியெல்லாம் விலாவாரியாகச் சொன்னால் நோயாளி உடம்பையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்துவிடமாட்டாரா, இல்லாத உணர்வுகளும் வந்துவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். எதிர்பார்ப்பு உணர்வை உண்டாக்கும் என்று நானே மேலே ஆதாரம் காட்டியிருக்கிறேன். ஆனால் மயக்க நோயாளிகளின் ஆய்வில் எதிர்பார்ப்பை உருவாக்கியது விளக்கமல்ல, ஒரு பொத்தாம்பொதுவான நம்பிக்கை. அதேபோலப் பயத்தை வளர்ப்பதும் பொதுவான, உருவமில்லாத அச்சம்தான். பஸ் குலுங்கினால் இதயம் ஓடும், ஏனென்றால் கருவி குலுக்கலை நடையாக எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தவருக்கு அடுத்த முறை அது எதிர்பார்த்த நிகழ்ச்சி. எதிர்பார்த்ததை மூளை அமுக்கும் என்பதே நாம் தொடக்கத்தில் கண்டது. எல்லோருக்கும் எல்லாப் பட்டியலையும் படித்துக் காட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் நாடியில் விரல் வைத்திருப்பவருக்குத் தேவை கவலைக்கான சிகிச்சை, அது வெட்கப்படவேண்டிய விஷயமும் அல்ல.

இரண்டாவது ஆட்சேபம் வலுவாகத் தோன்றும்: கருவியே எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே, வேக வரைபடம், தாளக் கோளாறு நடந்த நேரம், மின்பதிவு எல்லாம் உள்ளே இருக்கும்போது நோயாளியின் வாய்மொழி எதற்கு? பதிவு இருப்பது உண்மை. ஆனால் கருவி தனக்கு அசாதாரணம் என்று சொல்லிக்கொடுத்ததை மட்டுமே குறித்துவைக்கும். பஸ்ஸில் 110-க்கு ஏறியது அதன் பார்வையில் வெற்றிகரமான நடைப்பயிற்சி. விலாச் சுண்டல் அதன் பதிவில் இருக்கவே இருக்காது. கழுத்து அலையும் அப்படியே. செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு என்று நோயாளி சொன்னால்தான் அந்த நேரத்துப் பதிவைத் தேடி எடுக்க முடியும்.

என் வாதத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். உணர்வு நல்ல சாட்சி என்றால், உணர்வு இல்லாதபோது எல்லாம் நலம் என்று பொருளல்ல. மோஸ்ட் ஆய்வின் தரவுகளையே மறுபடி அலசி 2003-ல் வெளியிட்டபோது சங்கடமான ஒன்று தெரிந்தது: இரட்டை லீட் முறையிலும், கீழறையைக் கருவி இயக்கிய நேரம் 40 சதவீதத்துக்கு மேல் போனவர்கள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேரும் அபாயம் கூடியிருந்தது. வலது நுனியிலிருந்து வரும் கோணலான சுருக்கம் ஆண்டுக்கணக்கில் சிலரது இடது கீழறையைத் தளர்த்துகிறது. இது மெல்ல வருவது. மெல்ல வருவதற்கு மூளை அழகாகக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்; இரண்டு மாடி ஏறியவர் ஒரு மாடியோடு நின்று, வயசாகிவிட்டது என்பார். இங்கே பழகிப்போவதே ஆபத்து. ஹிஸ் கற்றையிலேயே லீட் பொருத்துவதை 2000-லும், அதன் இடது கிளைப் பகுதியில் பொருத்துவதை 2017-லும் ஆய்வாளர்கள் செய்து காட்டியது இந்தக் கோணலைத் தவிர்க்கத்தான். பழைய முறையில் லீட் உள்ளவர்களுக்கு, ஒன்றும் தெரியாவிட்டாலும், அவ்வப்போது எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஆகவே கருவி வைத்துக்கொண்டவருக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் நாடியை எண்ணிக்கொண்டிருக்காமல், தேதியும் மணியும், அப்போது உட்கார்ந்திருந்தீர்களா படுத்திருந்தீர்களா, எந்தப் பக்கம், என்ன வேலை, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஒரு காகிதத்தில் குறித்து அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போங்கள். கருவி சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், இந்த நேரத்துப் பதிவைப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். வாரம் போகப்போகக் குறைந்து வருகிற இடியும் உறுத்தலும் தானாக அடங்கும். மயங்கி விழுதல், கருவி வைப்பதற்கு முன்பிருந்த அதே கிறுகிறுப்பு திரும்புதல், புதிதாக வந்து நிற்காத விக்கல் வெட்டு, கருவி இருக்கும் இடத்தில் சிவப்போ சீழோ, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகிய எதற்கும் யாரும் பழகக் கூடாது. இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.